அப்பாதுரையின் பசி

அப்பாதுரையின் கருமாதிச் சோற்றைக் காக்கை தொடாமல் போனதால், அவனுடைய பசி அன்று சாயங்காலமே அவன் மகள் தமிழ்ச்செல்வியின் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் அந்த வருஷம் தக்காளி விலை ஏறி இறங்கியது, ரேஷன் கடை இடம் மாறியது, புயல் வந்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, இதுவும் நடந்தது. செத்தவன் பசி யார் தலையிலாவது விடியத்தான் செய்யும் என்று தெருவில் நாலும் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அது பெற்ற பிள்ளையின் வயிற்றிலா விடிய வேண்டும் என்று அப்பாதுரையின் பெண்டாட்டி செந்தாமரை கேட்டாள்.

அப்பாதுரை பொக்லைன் ஓட்டுகிறவன். சித்திரை பிறந்ததும் லடாக்குக்கு ரயிலேறிவிடுவான். அங்கே மலையை வெட்டி ரோடு போடுகிற காண்ட்ராக்டரிடம் வேலை. ஐப்பசிக் கடைசியில் பனி கொட்டிக் கணவாய் மூடிக்கொண்டதும் வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு இறங்குவான். கார்த்திகை தீபத்துக்கு முன்னே பின்னே விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை முடிச்சோடு வந்து நிற்பான், பங்குனி வரை வீட்டில் இருப்பான். பாதி வருஷப் புருஷன் என்று தெருப் பெண்கள் செந்தாமரையைக் கிண்டல் பண்ணுவார்கள். முழு வருஷப் புருஷனை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன வாழ்ந்துவிட்டீர்கள் என்று அவளும் விடாமல் திருப்பிக் கொடுப்பாள். பனியிலேயே கிடந்து கிடந்து அவன் தலைமயிர் முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணாடிப் பட்டையும் முகமூடிப் பட்டையும் அழுத்திய இடத்தில் மட்டும் வெளுக்காமல், பின்மண்டையில் காதிலிருந்து காதுக்கு இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடின. சாயம் அடித்துக்கொள் என்று அவள் எத்தனை முறை சொல்லியும் அவன் கேட்டதில்லை. ஆவணியில் ஒரு நாள் அவன் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டியின் கை தூக்கியபடி நின்றது, அசந்து தூங்குகிறான் என்றுதான் கூட வேலை பார்த்தவர்கள் நினைத்தார்கள். விமானத்திலும் ஆம்புலன்சிலும் மாறி மாறி வந்து சேர்ந்த உடம்பைத் தென்பெண்ணைக் கரையில் எரித்தார்கள்.

கருமாதி அன்று ஏரிக்கரையில் பிண்டம் வைத்தபோது காக்கைகள் வராமல் இல்லை. வந்தன, கரையில் வரிசையாக உட்கார்ந்தன, சோற்றைத் தலைசாய்த்துப் பார்த்தன, விலாசம் மாறி வந்துவிட்ட தபால்காரர் போல எழுந்து போய்விட்டன. காக்கை எடுக்கவில்லை என்றால் செத்தவனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம், உயிரோடு இருப்பவர்கள் வாக்குக் கொடுத்து அதைத் தீர்க்க வேண்டும். அப்பாதுரையின் தம்பி விருத்தாசலம் கைகூப்பி, "அண்ணே, உன் பொண்ணு கல்யாணத்த நான் முன்ன நின்னு பண்றேன், வந்து எடுத்துக்க" என்று கத்தினான். காக்கை வரவில்லை. அப்பாதுரையின் பைக்கை விற்க மாட்டோம் என்றார்கள், மாடியில் இன்னொரு தளம் போடுவோம் என்றார்கள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவோம் என்றார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் தன் பங்குக்கு, அவனிடம் இரவல் வாங்கிய கடப்பாரையைத் திருப்பித் தந்துவிடுவதாக அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள். வெயில் ஏறி, இலை காய்ந்து, ஐயர் கிளம்பிப் போனார். மறுநாளிலிருந்து அந்தத் தெருவுக்கே காக்கை வருவது நின்றுபோயிற்று, மீன் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டினாலும்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தமிழ்ச்செல்வி கருமாதிக்கு ஆக்கியதில் மிச்சம் இருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். ஒன்பதாவது படிக்கிற பெண், அதுவரை தட்டில் போட்டதில் பாதியை நாய்க்கு வைக்கிறவள். "இன்னும் போடும்மா" என்றாள். குழம்புச் சட்டியை வழித்துப் போட்டாள் செந்தாமரை. "இன்னும்" என்றாள். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறவள் நெத்திலிக் கருவாடு வேண்டும் என்றாள், டீயில் காராசேவைப் போட்டுக் கரண்டியால் அள்ளித் தின்றாள். அப்படிச் சாப்பிடுகிறவன் அந்தத் தெருவில் ஒருவன்தான் இருந்தான் என்பதால், என்ன நடந்திருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தின்னத் தின்னப் பெண் இளைத்தாள். போட்டதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை, அவளுக்கும் சேரவில்லை, அவனுக்கும் போதவில்லை. தீபாவளிக்குள் பள்ளிக்கூடச் சீருடை அவள் மேல் கொடிக்கயிற்றில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. புயலடித்த அன்று வாசலுக்கு வந்தவளைக் காற்று இரண்டு வீடு தள்ளிக்கொண்டு போனதால், அதற்குப் பிறகு வெளியே போகும்போதெல்லாம் செந்தாமரை தன் முந்தானையை அவள் மணிக்கட்டில் முடிந்துகொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. செந்தாமரை மயிலம் மலைக்குப் போய் முடி கொடுத்தாள். மேல்மலையனூரில் எலுமிச்சம்பழம் நறுக்கினாள். கோட்டக்குப்பத்திலிருந்து சாதிக் பாட்சா வந்து தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதித் தண்ணீர் தெளித்தார். சாதிக் பாட்சாவும் அப்பாதுரையும் ஒரே ஆளிடம் பொக்லைன் பழகியவர்கள். இவர் பாலைவனம் பார்த்து ஷார்ஜாவுக்குப் போனார், அவன் பனிமலை பார்த்து லடாக்குக்குப் போனான். இவர் திரும்பி வந்து ஆம்னி வேன் ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். செந்தாமரையைத் தங்கச்சி என்பார், தமிழ்ச்செல்வி அவரை மாமா என்பாள். ஓதிய தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு அந்தப் பெண், "மாமா, பக்கத்துல பிரியாணி கட கீதா?" என்று கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

செந்தாமரை விடிந்ததும் குளித்துவிட்டு அப்பாதுரைக்குப் பிடித்ததெல்லாம் ஆக்கி மாடிச் சுவரில் வைப்பாள். வைத்துவிட்டு வாக்குக் கொடுப்பாள். இனிமேல் கலர் புடவை கட்டவில்லை, தாய்வீட்டுக்குப் போகவில்லை, உன் தம்பி பெண்டாட்டியோடு சண்டை போடவில்லை, போனில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைக்கிறாயே என்று ஒரு நாளும் குறை சொல்லவில்லை. கொடுக்க வாக்கு தீர்ந்துபோனபோது, முன்பே கொடுத்ததை மறுபடி கொடுத்தாள். சோறு வெயிலில் வறண்டு சுவரிலிருந்து உதிர்ந்தது. அவளுக்குச் சாப்பாடு என்று தனியாக எதுவும் இல்லை, மகள் வழித்த சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது டீ ஒன்று குடிப்பாள், அவ்வளவுதான். பெண்ணும் போய்விடுவாள் என்ற பயம் அவளை விட்டு ஒரு நிமிஷமும் போகவில்லை. தூங்கும்போதும் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

இதற்கு நடுவில் அவள் ஒரு தப்புச் செய்துகொண்டிருந்தாள், அது நம் பக்கத்தில் எந்தத் தாயும் செய்கிற தப்புதான். தமிழ்ச்செல்வி அடிக்கடி அரிசி டின்னில் கைவிட்டு அள்ளிப் பச்சையாக மென்றாள். வாயில் அரிசியோடு பிடிபட்ட போதெல்லாம் செந்தாமரை கையிலேயே ஒன்று வைத்தாள். "பச்ச அரிசி துன்னா கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டும்டி, யாராவது அரிசி துன்னுவாங்களா? சோறாக்கித் தர்றேன், துன்னு" என்பாள். டின்னைப் பரண்மேல் ஏற்றி வைத்தாள். கொல்லையில் புல்லைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டிருந்தவளை ஒரு நாள் இழுத்துக்கொண்டு வந்து, பூச்சி மருந்து கொடுத்துப் படுக்க வைத்தாள். பிள்ளையின் கல்யாணம் என்றைக்கோ, இப்போது உயிர் நிற்குமா என்பதே சந்தேகம், அப்போதும் தாய்க்கு அன்றைய மழையைப் பற்றிக் கவலை.

மார்கழி நடுவில் ஒரு விடிகாலை. சாவு வீடு என்பதால் அவர்கள் வாசலில் மட்டும் அந்த மாதம் கோலம் இல்லை. செந்தாமரை மாடியில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள், தமிழ்ச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். வடக்கே இருந்து கனைப்புச் சத்தம் கேட்டது. உயரத்தில், அம்பு முனை போல நடுவில் மடங்கிய வரிசையாகப் பெரிய பறவைகள் வந்தன, ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டே தெருவுக்கு மேலே போயின. தமிழ்ச்செல்வி இட்லியைத் தட்டில் வைத்தாள். நாலு மாதத்தில் அவள் கையிலிருந்து சாப்பாட்டை அவளாகக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. சத்தம் தேய்ந்து மறைந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி இட்லியை எடுத்தாள்.

"யம்மா, அதுங்க தல மேல போற வரைக்கும் பசிக்கலம்மா" என்றாள்.

அந்தத் தெருவில் புகழேந்தி என்று ஒரு காலேஜ் வாத்தியார் குடியிருந்தார். விலங்கியல் பாடம் எடுப்பவர், லீவு நாளில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் பறவை பார்க்கப் போகிறவர். அதனாலேயே அவர் பெண்டாட்டியிடம் நல்ல பேர் எடுக்காதவர். செந்தாமரை ஈரப் புடவையோடு அவர் வாசலில் போய் நின்றாள். அது வரித்தலை வாத்து என்று அவர் சொன்னார். வருஷா வருஷம் பனிக்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரும், பங்குனி வாக்கில் திரும்பிவிடும், லடாக்கில் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடுகள். செந்தாமரை அந்தப் போனை வாங்கி மாரோடு வைத்துக்கொண்டாள். வாத்தியார் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் திருப்பிக் கேட்டார். கார்த்திகைக்கு வருகிறவனை, பங்குனிக்குப் போகிறவனை, வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிற காக்கையில் தேடினோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பொங்கல் லீவுல பறவ கணக்கெடுக்கப் போறோம்மா, நீங்களும் வாங்க. எங்க எறங்கிருக்குன்னு எனக்கு மெசேஜ் வந்துடும்" என்றார் வாத்தியார்.

அந்த வருஷம் அவர்களுக்குப் பொங்கல் இல்லை, அதனால் மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே கிளம்ப முடிந்தது. சாதிக் பாட்சா ஆம்னியைக் கொண்டுவந்தார், ஷார்ஜாவில் வாங்கிய பைனாகுலர் ஒன்றும் அவரிடம் இருந்தது. தமிழ்ச்செல்வியை நடு சீட்டில் வைத்து இரண்டு பெல்ட் போட்டுக் கட்டினார்கள், ஜன்னல்களை ஏற்றிவிட்டார்கள். செந்தாமரையின் மடியில் தூக்குவாளி. அதில் சோறு, வஞ்சிர மீன் குழம்பு, நெத்திலித் தொக்கு, வடை. பெண்ணுக்கு வழியில் தின்ன ஒரு மூட்டை தனியாக. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் மூட்டையில் இருந்த இட்லி தீர்ந்தது. கூட்டேரிப்பட்டில் பூரியும் பொங்கலும் வாங்கினார்கள். அவித்த மல்லாட்டைக் கடலையைத் தோலோடு மென்றாள். முன்சீட்டில் இருந்த புகழேந்தி, கிடங்கல் ஏரியில் வாத்து இறங்கியிருக்கிறது என்று போனைப் பார்த்துச் சொன்னதும் சாதிக் பாட்சா மிதித்தார்.

திண்டிவனம் நெருங்கும்போது கொடுப்பதற்கு வண்டியில் எதுவும் இல்லை, தூக்குவாளியைத் தவிர. தமிழ்ச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கண் மட்டும் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் எலும்பு.

"ஒரு கை குடும்மா."

"அது அப்பாவுக்குடி."

"எனக்கு வயிறு இழுத்துக்கினு போவுதும்மா. ஒரே ஒரு கை."

படைக்கிறதுக்கு முன்னால் தொடக்கூடாது, அப்பாவை இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று செந்தாமரை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பசிக்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்லி, செத்தவனுக்குச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போகிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் மூடியை அழுத்தியே பிடித்திருந்தாள்.

கிடங்கல் ஏரிக்கரையில் மாடு விரட்டிக்கொண்டிருந்தார்கள். கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டி, பின்னால் பறையும் தாரை தப்பட்டையுமாகக் கரை முழுக்கக் கூட்டம். அதோ வாத்து என்று புகழேந்தி கையை நீட்டிய அதே நேரத்தில் யாரோ ஒரு சரம் வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். ஏரியின் அந்தக் கோடியிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாகக் கூட்டம் மொத்தமும் எழும்பியது, கனைத்துக்கொண்டே கிழக்கே திரும்பியது. செந்தாமரை கரையில் இறங்கி, "போவாத, இந்தா, நில்லு" என்று தூக்குவாளியை உயர்த்திக்கொண்டு ஓடினாள். மாட்டுக்காரர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். அவள் ஓடிய ஓட்டத்தில் முந்தானை முடிச்சு இழுத்து, வண்டியிலிருந்து இறங்கிய தமிழ்ச்செல்வியும் பின்னாலேயே வந்தாள். அவள் கால் தரையில் பாதி நேரம்தான் பட்டது. சாதிக் பாட்சா ஓடிவந்து பெண்ணைக் கைக்குழந்தை போல இடுப்பில் தூக்கிக்கொண்டார். "தங்கச்சி, ஜல்தி வண்டியில ஏறு. இதுங்க எங்க பூடும்? நாம பின்னாலயே போவலாம்" என்றார்.

ஆம்னி வேன் வாத்துக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு மரக்காணம் ரோட்டில் போனது. பறவைகள் பனந்தோப்புக்குப் பின்னால் மறைந்துவிட்ட பிறகு வழி காட்டியது தமிழ்ச்செல்விதான். பக்கத்தில் போனால் பசி குறைந்தது, விலகிப் போனால் ஏறியது. "நேரா போ மாமா... இப்ப ஜாஸ்தி ஆவுது, திரும்பு, திரும்பு... ஆங், கொறையுது" என்று கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, சாதிக் பாட்சா முருக்கேரி தாண்டி ஒரு மண்பாதையில் வளைத்தார். புகழேந்தி போனில் வந்த மேப்பை அணைத்துப் பையில் போட்டுவிட்டார். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. உச்சி தாண்டினால் படைத்த சோற்றுக்குப் பலன் இல்லை. செந்தாமரை சூரியனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள், வாயில் எந்தச் சாமியின் பேரும் வரவில்லை.

கழுவேலி ஏரியின் கரையில் பாதை முடிந்தது. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், தூரத்தில் மரக்காணத்து உப்பளத்தில் குவித்த உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் அறுப்புக்கு நிற்கிற சம்பா வயல். வயலும் ஏரியும் சேருகிற இடத்தில் வாத்துகள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாத் தலையும் வெள்ளை, எல்லாப் பின்மண்டையிலும் இரண்டு கறுப்புக் கோடுகள். இதில் எது அவன் என்று சாதிக் பாட்சா பைனாகுலரைக் கொடுத்தார். செந்தாமரை அதை வாங்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கு நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் போகும், கால் கொஞ்சம் பிந்தும். கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பெண்டாட்டிக்கு நடை தெரியாதா? அவள் வரப்பில் இலையை விரித்தாள், சோற்றைக் கொட்டினாள், குழம்பை ஊற்றினாள், தொக்கும் வடையும் வைத்தாள். வாத்தை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே முறையில், கையைக் கூப்பிக்கொண்டு, "கா... கா... கா..." என்று கூப்பிட்டாள்.

அது தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு அடி வந்தது. இலையின் பக்கத்தில் வந்து ஒரு பருக்கையை அலகால் தொட்டுப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்து வயலுக்குள் போய்விட்டது.

செந்தாமரை வாக்குக் கொடுக்கத் தொடங்கினாள். பழைய வாக்கெல்லாம் வரிசையாக வந்தது, கிடா, தளம், கலர் புடவை. பாதியில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா வேணும் உனக்கு? வருஷத்துல பாதி நாளு விருந்தாளி மாதிரி வந்து உக்காந்து துன்னுட்டுப் போவ. ஒரு நாளு உப்பு ஒறப்பு சரியில்லன்னு சொல்லிருப்பியா? எத வச்சாலும் துன்னுவியே. இப்ப மட்டும் இன்னா கொற? புள்ளய உறிஞ்சித் துன்னுக்கினு கீறியே, இது உனக்கே நல்லாகீதா?" என்று கத்தினாள். "எங்கிட்ட குடுக்க ஒன்னும் இல்ல. என்ன எடுத்துக்க. அவள வுடு" என்று வரப்பில் விழுந்து மண்ணில் அடித்துக்கொண்டு அழுதாள். வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. பறவையை எண்ண வந்த புகழேந்தி எண்ணுவதை விட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சூரியன் உச்சிக்கு வந்து நின்றது.

அப்போது முந்தானை மெல்ல இழுபட்டது. தமிழ்ச்செல்வி தவழ்ந்து வயலுக்குள் போயிருந்தாள். தலை சாய்ந்த ஒரு நெற்கதிரைக் கையால் உருவி, உமியும் மணியுமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். செந்தாமரை பழக்கத்தில் எழுந்து ஓடினாள், கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கைக்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்த வாத்து வந்து நின்று கழுத்தை நீட்டிச் சீறியது. அப்பாதுரை ஒரு நாளும் பிள்ளையை அடிக்க விட்டதில்லை. அவள் கை அப்படியே நின்றது. மகள் ஒரு கதிரை உருவினாள், பக்கத்தில் அது ஒரு கதிரை உருவியது. இவள் மென்றாள், அது விழுங்கியது. பரண்மேல் ஏற்றி வைத்த அரிசி டின்னும், பிடுங்கி எறிந்த புல்லும், ஒவ்வொரு நாளும் மாடிச் சுவரில் வைத்த மீன்குழம்புச் சோறும் செந்தாமரைக்கு அந்த ஒரு நிமிஷத்தில் மொத்தமாகப் புரிந்தன. வாத்தாகிவிட்டவனுக்கு இத்தனை மாதம் மனுஷன் சாப்பாட்டை வைத்து, அதைத் தொடவில்லையே என்று அழுதிருக்கிறாள். வயிறு கேட்டதைப் பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறது, இவள்தான் வாயில் அடித்திருக்கிறாள்.

அவளே கதிரை உருவினாள். ஒரு கையில் மகளுக்கு, ஒரு கையில் அவனுக்கு. அது அவள் உள்ளங்கையிலிருந்து தின்றது, அலகு சில்லென்று இருந்தது. வயல்காரர் தடியோடு வரப்பில் ஓடிவந்தார். சாதிக் பாட்சா குறுக்கே போய் அவர் காதில் என்னவோ சொன்னார். அவர் தடியைக் கீழே போட்டுவிட்டு, "கருமாதிச் சோறுன்னு முன்னயே சொல்லக் கூடாதா? நல்லா முத்தின கதிரு அந்தாண்ட கீது, அத எடுத்துக் குடும்மா" என்றார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. அது கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு கையைவிட்டு விலகியது. தமிழ்ச்செல்வி உதட்டில் ஒட்டியிருந்த உமியைத் துடைத்தாள்.

"போதும்மா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஆவணியிலிருந்து காத்திருந்தவள் மகளின் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "நெசமாவா?" என்று கேட்டாள். "போதும். வயிறு ரொம்பிடுச்சி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வரப்பில் படுத்துத் தூங்கிப்போனாள். செந்தாமரை அவளைத் தூக்கி மடியில் போடப் பார்த்தாள், முடியவில்லை. கனமாக இருந்தாள்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் செந்தாமரைக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. நோவு என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் அது பசி என்று தெரிந்தது, அவளுடைய சொந்தப் பசி. இலையில் அப்பாதுரைக்கு வைத்த சோறு அப்படியே இருந்தது. செத்தவனுக்குப் படைத்ததைப் பெண்டாட்டி தின்னலாமா என்று கேட்க அந்தக் கரையில் ஆள் இல்லை, இருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். குழம்பைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நிறுத்தினாள். படையலுக்கு ஆக்குவதை ருசி பார்க்கக் கூடாது என்பதால் இத்தனை மாதமும் அவள் ஒரு சொட்டும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. குழம்பில் உப்பே இல்லை. தொக்கிலும் இல்லை, வடையிலும் இல்லை. தினம் தினம் உப்புப் போட மறந்தே ஆக்கியிருக்கிறாள், அதை மகளும் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றிருக்கிறாள். "அண்ணே, உப்பு இல்லண்ணே" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவள் சிரிப்பிலேயே அழுதாள். சாதிக் பாட்சா வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய், கைக்குட்டை நிறையக் கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்தார். தூவிப் பிசைந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். வயல்காரர் வடை மட்டும் போதும் என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கீழ்ப்பெரும்பாக்கத்துக்குக் காக்கைகள் திரும்பி வந்தன, தெருக்காரர்கள் கருவாடு காயப்போடுவதற்கு மறுபடி காவல் உட்கார வேண்டியதாயிற்று. தமிழ்ச்செல்வி இப்போது பிளஸ் டூ படிக்கிறாள், தட்டில் பாதியை நாய்க்கு வைக்கிற பழக்கமும் திரும்பிவிட்டது. செந்தாமரை வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று முற்றிய கதிர் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு கழுவேலிக்குப் போய் வருகிறாள். போன தை மாதம் போய்த் திரும்பி வந்தவளிடம் கோவிந்தம்மாள், அப்பாதுரை எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். கொஞ்சம் இளைத்திருக்கிறான், அங்கே இந்த வருஷம் பனி ஜாஸ்தியாம் என்று சொல்லிவிட்டு செந்தாமரை உள்ளே போய் உலை வைத்தாள்.